விதைக் காசில் வந்த சிலை

ஜப்பானில், ஷின்-யாமாகுச்சி நிலையத்தில் புல்லட் ரயிலை விட்டு இறங்கி, ஊபே ஊருக்குப் போகும் குட்டி ரயிலில் ஏறியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. பெட்டியில் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர், மடியில் முள்ளங்கிக் கட்டு வைத்திருந்த ஒரு பாட்டி, நான். திறந்தவெளிச் சிற்பத்துக்கு நாடு தழுவிய பரிசு கொடுக்கும் ஊருக்கு இவ்வளவுதானா கூட்டம்? டோக்கிவா நிலையத்தில் இறங்கி, கால் மணி நேரம் நடந்து பூங்காவுக்குள் நுழைந்ததும் விடை கிடைத்தது. பரிசுக்கான சிற்பக் கண்காட்சி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்குமாம், அதுவும் இலையுதிர் காலத்தில். நான் போய் நின்றது ஏப்ரல் கடைசியில். செர்ரிப் பூக்கூட உதிர்ந்துவிட்டிருந்தது. தேதியைச் சரிபார்க்காமல் டிக்கெட் எடுத்தது என் தப்பு, யாரை நோக?

ஆனால் இந்தப் பரிசின் விசேஷமே அதில்தான் இருக்கிறது. கண்காட்சி முடிந்ததும் மற்றச் சிற்பங்களில் பெரும்பாலானவை தத்தம் ஊருக்குத் திரும்பிவிடும். பெரிய பரிசு பெற்றதை நகராட்சி வாங்கி இங்கேயே நிறுத்திவிடும். பூங்காவிலும் தெருக்களிலும் ரயில் நிலைய வாசல்களிலுமாக ஊபேயில் ஏறத்தாழ 200 சிற்பங்கள் நிற்கின்றன. கண்காட்சி இல்லாத நாளில் போனால் அறுபது ஆண்டுப் பரிசு வரலாற்றைத் தனியாக, நெரிசல் இல்லாமல் நடந்து பார்க்கலாம். அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஊபே ஜப்பானின் முக்கியத் தீவான ஹொன்ஷூவின் மேற்குக் கோடியில், யாமாகுச்சி மாகாணத்தில் கடலோரமாக இருக்கிறது. நிலக்கரியால் வளர்ந்த ஊர். 1897இல் தொடங்கிய ஒக்கினோயாமா சுரங்கம் கடலுக்கடியில் வெகுதூரம் போனது. நிலக்கரிக்குப் பின்னால் சிமென்ட் வந்தது, ரசாயனம் வந்தது. 1945 ஜூலையில் அமெரிக்க விமானங்கள் ஊரை எரித்தன. மீண்டு எழுந்தபோது ஆலைகள் முன்னைவிட அதிகமாகப் புகைந்தன. 1951இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு மாதம் 50 டன்னுக்கும் மேல் தூசி விழுந்ததாகக் கணக்கு. கொடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியாத ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆலைக்காரர்கள், நகராட்சி, பல்கலைக்கழகத்தார், ஊர்மக்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி, வழக்கு மன்றம் போகாமலே தூசியைக் குறைத்தார்கள். அந்த வழிமுறைக்கு 1997இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு விருதே கொடுத்தது.

சிற்பம் இந்தக் கதைக்குள் வந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. தூசி குறையக் குறைய, மரம் நடுவோம், பூச்செடி வைப்போம் என்று ஒரு இயக்கம் எழுந்தது. எழுத்தாளர் உயேதா யோஷியே போன்ற பெண்கள் அதில் முன்னால் நின்றார்கள். நகர நூலகத்தின் தலைவரும் கூட நின்றார். பூ விதை வாங்கத் திரட்டிய பணத்தில் கொஞ்சம் மிஞ்சியது. அந்த மிச்சத்தில் ஒரு சிலை வாங்கினார்கள்: 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிற்பி ஃபால்கோனே செய்த 'நீராடும் பெண்'ணின் நகல். அசல் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகல் என்பதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. ஊபே-ஷின்காவா ரயில் நிலையத்தின் முன்னால் கரி படிந்த ஊரில் அது நின்றபோது, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு நகலுக்கே இப்படி என்றால் அசல் சிற்பங்களை வைத்தால் என்ன என்ற கேள்வி அங்கே பிறந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கமாகுராவில் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்த விமர்சகர் ஹிஜிகாதா தெய்ச்சியிடமும் சிற்பி யனகிஹாரா யோஷிதாட்சுவிடமும் யோசனை கேட்டார்கள். 1961இல் டோக்கிவா பூங்காவில் முதல் திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சி நடந்தது. 1963இல் நாடு முழுவதிலிருந்தும் சிற்பிகளை அழைத்துப் போட்டி வைத்தார்கள். 1965இல் அது 'நவீன ஜப்பானியச் சிற்பக் கண்காட்சி' என்ற பெயரோடு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்ற ஒழுங்குக்கு வந்தது. பிரபலமான ஹக்கோனே திறந்தவெளி அருங்காட்சியகம் திறந்ததே 1969இல்தான். கோபே நகரம் தன் சுமா ரிக்யூ பூங்காவில் 1968 முதல் இதேபோல் ஒரு கண்காட்சி தொடங்கியது. ஊபே ஒற்றைப்படை ஆண்டு, கோபே இரட்டைப்படை ஆண்டு என்று மாறி மாறி நடத்தினார்கள். கோபே 1998இல் நிறுத்திக்கொண்டது. ஊபே நிறுத்தவில்லை. 2009 முதல் 'ஊபே பியென்னாலே' என்று பெயர் மாறியது; பியென்னாலே என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது. இப்போது வெளிநாட்டுச் சிற்பிகளும் மாதிரி அனுப்புகிறார்கள்.

மாதிரி என்று சொன்னேன் இல்லையா, போட்டியின் உயிர் அதுதான். சிற்பி முதலில் மேசைமேல் வைக்கிற அளவில் ஒரு சிறு உருவம் செய்து அனுப்ப வேண்டும். அவற்றிலிருந்து நடுவர்கள் சிலதைப் பொறுக்கி, முழு அளவில் செய்யச் செலவுக்கு உதவுகிறார்கள். மாதிரியில் அழகாக நின்றது, மூன்று மீட்டர் உயரமாகிப் பூங்கா ஏரியின் காற்றில் நிற்கும்போது அப்படியே இருக்கும் என்று உறுதி இல்லை. பூங்காவில் சுற்றியபோது அது எனக்கே தெரிந்தது. சில உருவங்கள் மேசையை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவை போலப் புல்வெளியில் நின்றன. பளபளவென்று எஃகு உருண்டை, பளிங்கில் ஓட்டை போட்ட வளையம் என ஒரே வாய்ப்பாட்டில் ஏழெட்டுப் பார்த்துவிட்டேன். பரிசு என்றால் அதுவும் உண்டு.

முகாய் ரியோகிச்சியின் 'எறும்புக் கோட்டை' அப்படி இல்லை. 1962இல் செய்தது, நாடு தழுவிய போட்டிக்கும் முந்தியது. ஏரிக்கரையில் அது இல்லாமல் டோக்கிவாவை நினைக்க முடியாது. இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்து எழுப்பிய ஒரு கூடு, தூண், பாழடைந்த நகரம். தூரத்தில் பார்த்தால் புற்று, பக்கத்தில் போனால் எரிந்துபோன ஆலை. முகாய், போரில் தெற்குப் பசிபிக்கில் ரபவுல் வரை போய் உயிரோடு திரும்பியவர். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் 'டொக்' என்றது, ஒரு சாண் தள்ளித் தட்டினால் 'டங்' என்று நீண்டது. பற்றவைத்த விளிம்பில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஐந்தாறு பேர் வாளியும் பிரஷுமாக ஒரு வெண்கலச் சிற்பத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள், தன்னார்வலர்கள். சோப்பு நுரையைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, காய்ந்ததும் மெழுகு தேய்த்தார்கள். கழுத்துக்குப் பின்னால், மடிப்புகளுக்குள் பறவை எச்சம் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்கென்று ஒரு அம்மா பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்று சிரித்தார்.

பூங்காவுக்குள்ளேயே நிலக்கரி நினைவு இல்லம் இருக்கிறது. ஒரு சுரங்கத்தில் ஆளையும் கரியையும் மேலே இழுத்த பழைய தூக்குக் கோபுரத்தைக் கொண்டுவந்து, மேலே ஏறிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று கணக்குப் போட்டேன்: முறையான கண்காட்சி தொடங்கியது 1965, ஒக்கினோயாமா சுரங்கம் மூடியது 1967, நினைவு இல்லம் திறந்தது 1969. ஒரு கை நிலக்கரியைக் கீழே வைத்தபோது மறு கை சிற்பத்தைப் பிடித்திருந்தது.

மாலையில் நிலையத்துக்குத் திரும்பாமல் கடற்கரைப் பக்கம் நடந்தேன். கடலுக்குள், கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில், இரண்டு பெரிய கான்கிரீட் உருளைகள் நிற்கின்றன. சோசெய் சுரங்கத்தின் காற்றுக் குழாய்கள் அவை, 'பீயா' என்கிறார்கள். 1942 பிப்ரவரி 3ஆம் தேதி கடல்நீர் புகுந்து 183 பேர் உள்ளே இறந்தார்கள்; அவர்களில் 136 பேர் கொரியர்கள். அன்று பகல் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட சிற்பங்களின் முன்னால் குனிந்து பெயர்ப் பலகை படித்த பழக்கத்தில், இங்கேயும் தலைப்பைத் தேடினேன். அலை ஒரு உருளையின் அடியில் மோதி வெள்ளையாகச் சிதறியது. அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.