டர்பன்ல பாப் ஸ்மியர் எடுத்த கதை

30 வயசு ஆயிட்டா தென்னாப்பிரிக்காவுல கவர்ன்மென்ட் கிளினிக்ல பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாய் கேன்சர் வர்றதுக்கு முன்னாடியே செல் மாற்றத்தைக் கண்டுபிடிக்கற டெஸ்ட், ஃப்ரீ. பத்து வருஷத்துக்கு ஒண்ணுன்னு மொத்தம் மூணு, எச்ஐவி இருக்கறவங்களுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. கல்யாணமாகி டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த் ஏரியாவுக்கு வந்த நாள்ல இருந்து இதைப் பத்தி நம்ம பொம்பளைங்க ஒருத்தர் பேசி நான் கேட்டதில்ல. கோயில்ல உக்காந்தா சுகர், பிரஷர், முட்டி வலி எல்லாம் ஓடும், கர்ப்பப்பை வாய்னு ஆரம்பிச்சா ஆன்ட்டிங்க சமையலுக்குத் தாவிடுவாங்க. எனக்கு சொன்னது, ஃபேமிலி பிளானிங் ஊசிக்குப் போனப்ப அங்க இருந்த ஜூலு சிஸ்டர்தான்.

டெஸ்ட் ஒண்ணுமே இல்லங்க. படுக்க வெச்சு, உள்ள விரிச்சுப் பாக்கற ஸ்பெகுலம்ங்கற கருவியை விட்டு சின்ன பிரஷ்ல கர்ப்பப்பை வாய் செல்லை சுரண்டி எடுக்கறாங்க, கொஞ்சம் அசௌகரியம், அவ்ளோதான். ஏதாவது இருந்தா நாங்களே போன் பண்றோம்னாங்க. போன் வரல. சரி எதுக்கும் கேட்டுப் பாக்கலாம்னு போனா ரிசல்ட் எப்பவோ வந்து என் ஃபைல்ல உக்காந்திருக்கு, ஹை கிரேடுன்னு போட்டு, யாரும் கூப்பிடல. கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. அப்புறம் அந்த சிஸ்டர்தான் பொறுமையா சொன்னாங்க, இது கேன்சர் இல்ல, எச்பிவிங்கற, உடலுறவுல பரவற வைரஸால செல் மாறியிருக்கு, கேன்சராக பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள எடுத்துட்டா போச்சுன்னு.

பெரிய ஆஸ்பத்திரிக்கு கால்போஸ்கோப்பிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயை லென்ஸ் வெச்சு பெருசாக்கிப் பாக்கற டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாங்க, டேட் கிடைக்கவே மாசக்கணக்காச்சு. வினிகர்ல இருக்கற அதே ஆசிட்டைத் தடவினா கெட்டுப்போன இடம் வெள்ளையா தெரியுது, அதைப் பாத்துட்டு மரத்துப்போற ஊசி போட்டு கரண்ட் ஓடற கம்பி வளையத்தால வெட்டி எடுத்துட்டாங்க. வலியை விட அந்தக் கருகின வாசனைதான் மறக்க முடியல. சில வாரம் கசிவு இருந்துச்சு, வெயிட் தூக்கக் கூடாது, கணவரோட சேரக் கூடாது. வீட்டுக்காரர் அவங்கம்மாகிட்ட முதுகுவலின்னு சொல்லி வெச்சிட்டார், பாவம் அத்தை தினமும் தைலம் தேச்சு விட்டாங்க.

உலக சுகாதார நிறுவனம் 2030க்குள்ள நூத்துல 70 பொம்பளைங்களுக்கு டெஸ்ட் பண்ணணும், கோளாறு இருக்கறவங்கள்ல நூத்துக்கு 90 பேருக்கு வைத்தியம் கிடைக்கணும்னு குறி வெச்சிருக்கு. எல்லாரும் அந்த 70ஐத்தான் பேசறாங்க. என்னைக் கேட்டா அந்த 90லதான் சிக்கலே, சாம்பிள் எடுத்து பேப்பர் ஃபைல்லயே தூங்கினா எத்தனை பேருக்கு எடுத்து என்ன புண்ணியம்? அதனால பீரியட்ஸ் இல்லாத நாளா பாத்துப் போங்க, ரெண்டு போன் நம்பர் கொடுங்க, ரிசல்ட் எப்ப வரும்னு தேதி கேட்டு அன்னைக்கு நீங்களே போய் நில்லுங்க.

அத்தைகிட்ட போன வாரம்தான் உண்மைய சொன்னேன். தைலம் வீணாப் போச்சேன்னு முதல்ல திட்டினாங்க. அவங்க இதுவரைக்கும் ஒரு தடவை கூட எடுத்ததில்லையாம், என்கூட வரேன்னிருக்காங்க, ஆனா ஆம்பளை டாக்டர்னா வாசலோட திரும்பிடுவேன்னு கண்டிஷன்.