12 வருஷக் கணக்கு பாலஸ்தீனத்துக்குச் செல்லாது

பாளையங்கோட்டை டீக்கடைப் பேச்சில் அடிக்கடி வருகிற கேள்வி: "பாலஸ்தீன நிலம் 1967லேருந்து இஸ்ரேல் கையிலதானே இருக்கு, பிறகென்ன?" நம்மூர் வயல் வழக்கில் 12 வருஷ எதிரிடை அனுபவத்தை (அடுத்தவர் நிலத்தை அவர் அனுமதியில்லாமல் வெளிப்படையாக, தொடர்ந்து அனுபவித்து வருவதை) வைத்துப் பாத்தியதை கேட்கலாம். சர்வதேசச் சட்டத்தில் அந்தக் கணக்கே கிடையாது. படைபலத்தால் பிடித்த நிலத்துக்கு எத்தனை வருஷமானாலும் உரிமை பிறக்காது.

"அது தகராறு நிலம்" என்பது இஸ்ரேலின் வாதம். சர்வதேச நீதிமன்றம் ஏற்கவில்லை; அங்கே இஸ்ரேல் நீடிப்பதே சட்டவிரோதம் என்று 2024 ஜூலை 19இல், 11க்கு 4 எனச் சொன்னது. ஆனால் அது ஆலோசனைக் கருத்துதான், கட்டுப்படுத்தாது.

இந்தியா 1988லேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்துவிட்டது. பாலஸ்தீனம் ஐ.நா. உறுப்பினராவதற்கோ முதலில் பாதுகாப்பு சபையில் 15இல் 9 வாக்கு வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவரும் எதிர்க்கக் கூடாது. பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு. 2024 ஏப்ரலில் 12 வாக்கு கிடைத்தும் அமெரிக்காவின் ஒற்றை வீட்டோ தடுத்துவிட்டது. என் பார்வையில் பெரிய அநியாயம் இதுதான்.