ஏப்ரலில் வந்த பிப்ரவரி

பதிப்பகம் இல்லாமல் என் புத்தகங்களை நானே வெளியிடும் சுயபதிப்பில் இறங்கி ஐந்து வருடம் ஆகப்போகிறது. "தினமும் எப்படி உட்கார்ந்து எழுதுகிறீர்கள், சலிப்பே வராதா?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். முதல் இரண்டு வருடம் நான் தினமும் உட்காரவே இல்லை. பத்து நாள் பேய் பிடித்த மாதிரி வேலை செய்வேன், அப்புறம் ஒரு மாதம் அந்தக் கோப்பைத் திறக்கக்கூட மனம் வராது. சோம்பேறித்தனம் என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தவர்களும் மறுக்கவில்லை.

ஒரு ஏப்ரல் மாதக் கடைசியில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. அதுவரை எனக்கு வந்த ராயல்டியிலேயே, அதாவது விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கிலேயே, பெரிய தொகை. எல்லாரிடமும் காட்டிவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, அந்த ஏப்ரலில் நான் ஒரு வரி எழுதவில்லை. மார்ச்சிலும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பிப்ரவரியில்தான், வேலையிலிருந்து வந்த பிறகு, ராத்திரி மூன்று மணி நேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு உழைத்தேன். அந்தப் பிப்ரவரிக் கடைசியில் கைக்கு வந்த தொகை மின்கட்டணத்துக்குக்கூடக் காணாது.

நான் வெளியிடுவது அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியில். அங்கே ஒரு மாதம் விற்றதற்கான ராயல்டி, அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வரும். இது எல்லாருக்கும் தெரிந்த விதிதான், முதல் நாளே நானும் படித்தேன். ஆனால் அந்த 60 நாள் மனதை என்ன செய்யும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. உயிரைக் கொடுத்து உழைத்த மாதம் கையில் காசு இல்லை, படுத்துக் கிடந்த மாதம் பணம் வருகிறது. இப்படி நான்கைந்து முறை நடந்தால் மனம் ஒரு பாடம் கற்றுக்கொள்ளும், அது தப்பான பாடம். உழைத்தால் ஒன்றும் நடக்காது, சும்மா இருந்தால் நடக்கும் என்று எனக்குள்ளே எங்கேயோ பதிந்துபோயிருந்தது. நான் வெளிப்படையாக அப்படி நினைக்கவில்லை, என் உடம்பு நினைத்தது என்று சொல்லலாம், நாற்காலியைப் பார்த்தாலே அதற்குத் தூக்கம் வந்தது.

உண்மையில் இடைவெளி 60 நாளோடு முடிவதுமில்லை. எழுத நான்கு மாதம், மெய்ப்பு பார்க்க ஒரு மாதம், அட்டைக்கு இரண்டு வாரம், பதிவேற்றினால் சரிபார்ப்புக்கு 72 மணி நேரம் வரை, அதன் பிறகு யாராவது வாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அந்த 60 நாள். மாதச் சம்பளக்காரனுக்கு இது பழக்கமே இல்லாத கணக்கு.

இவ்வளவு பெரிய இடைவெளியை மனம் சும்மா விடாது, எதையாவது போட்டு நிரப்பும். நான் நிரப்பியது விற்பனை ரிப்போர்ட்டை வைத்து. காலையில் கண் விழித்ததும் ஒருமுறை, பல் தேய்த்துவிட்டு ஒருமுறை, அலுவலகத்தில் லிஃப்டில் ஒருமுறை. பூஜ்யம் என்றால் யாருக்காக எழுதுவது என்று அன்றைக்கு எழுத்து ஓடாது. ஒருநாள் ஒன்பது பிரதி போயிருந்தது, அன்றைக்கும் எழுத்து ஓடவில்லை, சந்தோஷத்தில்!

இதைவிட மோசம், சந்தா கட்டியவர்கள் மின்னூல்களை வாசிக்கும் அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தின் பக்கக் கணக்கு. 2015 ஜூலையிலிருந்து அங்கே வாசித்த பக்கங்களுக்குத்தான் பணம், அதனால் தினமும் எத்தனை பக்கம் வாசிக்கப்பட்டது என்று ரிப்போர்ட்டில் தெரியும். ஒருநாள் 41 பக்கம் என்று காட்டியது, மறுநாள் பூஜ்யம். யாரோ ஒருவர் 41ஆம் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார் என்று முடிவு கட்டி, அந்தப் பக்கத்தில் என்ன தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். அந்த எண் எத்தனை பேர் படித்ததன் கூட்டுத்தொகை என்றுகூட அதில் தெரியாது. நான்கு பேர் பத்துப் பத்துப் பக்கமாகப் படித்து, ஐந்தாவது ஆள் ஒரு பக்கம் புரட்டியிருக்கலாம். இரண்டு நாள் போனது போனதுதான்.

அப்புறம் இன்னொரு பொறி, வேலை மாதிரியே தெரியும் வேலை. என் முதல் அச்சுப் பதிப்பு சிறுவர் கதைகள், 72 பக்கம். அதன் முதுகில், அதாவது அலமாரியில் நிற்கும்போது தெரியும் தடிமன் பக்கத்தில், தலைப்பு எந்த எழுத்துருவில் வர வேண்டும், எத்தனை புள்ளி அளவு, என் பெயர் மேலேயா கீழேயா என்று இரண்டு ராத்திரி செலவழித்தேன். கடைசியில்தான் விதியைப் படித்தேன், 79 பக்கத்துக்கு மேல் இருந்தால்தான் முதுகில் எழுத்தே போட முடியும். சிரிப்பு வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த இரண்டு ராத்திரியும் அடுத்த கதையை எழுதப் பயந்துகொண்டுதான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அட்டை, வாசகர் தேடும்போது புத்தகம் கண்ணில் படுவதற்கான குறிச்சொல், பின்னட்டைக் குறிப்பு எல்லாமே தேவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை மாற்றினால் உடனே திரையில் ஒரு மாற்றம் தெரியும், எழுதினால் அது தெரியாது. அதனால் மனம் அங்கேதான் ஓடும்.

சரி, என்ன செய்தேன்? பெரிதாக ஒன்றுமில்லை. கிண்டில் அன்லிமிடெட்டில் இடம்பெற மின்னூலை கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்க்க வேண்டும்; சேர்த்தால் 90 நாள் அதை வேறெங்கும் விற்கக் கூடாது, நாமாக நிறுத்தாவிட்டால் அடுத்த 90 நாளுக்குத் தானாகவே நீளும். அந்த 90 நாளையே என் நாட்காட்டி ஆக்கிக்கொண்டேன். விலை, அட்டை, குறிச்சொல், தொடர்வதா வெளியேறுவதா, எல்லா முடிவும் 90ஆவது நாளில்தான். அதற்கு நடுவில் ரிப்போர்ட் மாதம் ஒருமுறை. அதற்குப் பதிலாக ஒரு சாதாரண நோட்டில் அன்றன்று எழுதிய வார்த்தைகளின் எண்ணிக்கை மட்டும் எழுதினேன். அது ஒன்றுதான் அன்றைக்கே கையில் கிடைக்கிற கூலி.

குறைந்தபட்சம் 200 வார்த்தை என்று வைத்தேன். முன்பு 1,500 என்று வைத்திருந்தேன், அது மூன்றாவது நாளே செத்துப்போகும். கூடவே, எழுந்திரிக்கும் முன் நாளைக்கு எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு வரி குறித்துவிடுவேன், மறுநாள் காலியாக உட்கார வேண்டியதில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. ஒரு செயல் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று அதை மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது அதே ஆய்வின் மற்ற இரண்டு விஷயங்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது, நடுவில் ஒருநாள் தவறினால் பெரிய பாதகமில்லை. அதற்கு முன் ஒருநாள் விட்டாலே சங்கிலி அறுந்துவிட்டது என்று ஒரு மாதம் விட்டுவிடுவேன். எத்தனை புத்தகம் அப்படிக் கெட்டதோ.

வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்கச் சொன்ன நண்பர்கள் உண்டு. விடவில்லை. ராயல்டியை நம்பி வாடகை இருந்தால் நான் ரிப்போர்ட்டை மாதம் ஒருமுறை பார்க்கிற ஆளாக இருக்க முடியாது. இதில் துணிச்சல் குறைவு என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் போன வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது ஆறு வாரம் நோட்டு காலியாகவே கிடந்தது. திரும்பி வந்த அன்று நோட்டில் முந்தைய நான் விட்டுப்போன வரி இருந்தது: "சிறுமி கதவைத் திறக்கிறாள், உள்ளே யார்?" எனக்கே மறந்துபோயிருந்தது. 60 வார்த்தை எழுதினேன், அதையும் நோட்டில் குறித்தேன்.

இந்த 90 நாள் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நேற்று ராத்திரி ரிப்போர்ட்டை ஒருமுறை திறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பிரதி. மூடிவிட்டு 340 வார்த்தை.