அம்புக்குறியை நம்பி நடந்த மூன்று மாதம்

ஜியோகேஷிங், அதாவது யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ். உதவியோடு தேடிப்பிடிக்கும் விளையாட்டை, நான் சிங்கப்பூரில் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை 11 பெட்டி கிடைத்திருக்கிறது, 6 இடத்தில் வெறுங்கை. பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதி நேரம் அது சுண்டுவிரல் நுனி அளவுக் காந்தக் குப்பி. உள்ளே பெயர் எழுத ஒரு சுருட்டிய தாள்.

முதல் சறுக்கல் வீட்டு மேசையிலேயே நடந்தது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துப் பக்கம் ஒரு பெட்டி. (உண்மையான எண்ணைச் சொன்னால் தேடப்போகிறவர்களுக்குச் சுவை போய்விடும், மாதிரிக்குத் தருகிறேன்.) குறிப்பில் வடக்கு 1° 20.600, கிழக்கு 103° 49.800 என்று இருந்தது. நான் பாட்டுக்கு வரைபடச் செயலியில் 1.20600, 103.49800 என்று தட்டிவிட்டேன். குறி போய் விழுந்தது மலேசியாவின் தஞ்சோங் பியாய் முனைக்குத் தெற்கே, கடலில். எட்டிப் பார்த்த அண்ணன், "படகு சொல்லட்டுமாடா?" என்றார்.

இந்த விளையாட்டில் இடத்தைப் பாகையும் நிமிடமுமாக எழுதுவார்கள். 20.600 என்பது நிமிடம். 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் 1.34333, 103.83000 என்று வரும். கணக்குப் பிடிக்காதவர்கள் பாகைக்கும் நிமிடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு அப்படியே தட்டினாலும் கூகுள் வரைபடம் புரிந்துகொள்ளும்.

அடுத்து தூரம். பெட்டியின் திசையைக் காட்டும் செயலியின் அம்பு 180 மீட்டர் என்றது. ஆனால் அது காக்கைக்கான தூரம். நடுவில் தண்ணீர் கிடந்தது. காப்புக்காட்டில் பாதையை விட்டு இறங்கவும் கூடாது. சுற்றிப் போய்ச் சேர 40 நிமிடம் ஆனது, வழியில் குரங்குகளுக்குப் பயந்து பிஸ்கட் பொட்டலத்தை ஒளித்த நேரமும் சேர்த்து. இப்போதெல்லாம் கிளம்புமுன் நடைபாதை எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன்.

எனக்கு அதிகம் தண்ணி காட்டியது கடைசிப் பத்து மீட்டர்தான். 2000 மே 2 அன்று அமெரிக்கா ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஆரிகனில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்துவைத்தார். இந்த விளையாட்டின் பிறப்பு அதுதான். அந்தப் பிழை நீங்குமுன் ஜி.பி.எஸ். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டுமாம். இப்போதும் திறந்த வெளியில் சில மீட்டர் பிசகும், அடர்ந்த மரத்தடியில் இன்னும் மோசம். ஒளித்தவருடைய கருவியும் அதே மாதிரி பிசகியிருக்கும் என்பதை நான் ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை. நிமிடத்தின் மூன்றாம் தசமத்தில் ஓர் எண் மாறினால் இங்கே கிட்டத்தட்ட 1.85 மீட்டர். அம்பு காட்டும் மீதித் தூரத்தைப் பூஜ்யமாக்கப் பார்த்துப் பூமலைத் தாவரவியல் பூங்காவில் ஒரே மரத்தை அரை மணி நேரம் வலம் வந்தேன். பார்த்தவர்கள் வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரே இடத்தில் நின்றால் அம்பு அலைபாயும். இருபது மீட்டர் பின்வாங்கி, நேராக, நிதானமாக நடந்து வந்து, அது எங்கே காட்டுகிறது என்று பார்க்கிறேன். பிறகு வேறு திசையிலிருந்து இன்னொரு முறை. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுகிறேன்: வேரோடு ஒட்டாத கல், புதிதாகத் தெரியும் ஆணி, காரணமில்லாமல் அடுக்கிய சுள்ளி. கிடைத்த 11இல் 8 இப்படி வந்தவைதான். இன்னொன்று: என் போன் உறையின் மூடியில் காந்தம் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றிய பிறகுதான் திசைகாட்டி ஒழுங்காக வேலை செய்தது. அதுவரை செயலியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ராஃபிள்ஸ் பிளேஸ் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. உயரக் கட்டடங்களில் சமிக்ஞை பட்டுத் தெறிப்பதால் என் புள்ளி சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாவுகிறது. மூன்று முறை போயாகிவிட்டது. கடைசி முறை ஒரு காவலாளி அண்ணன் என்ன தொலைத்தாய் என்று கேட்டு, அவரும் கூடவே தேடினார். இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே போகிறேன்.