அடையாளம் மறைக்கப்பட்ட கல்லறை

டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாண்டோ டொமிங்கோவின் பேராலயத்தைப் பற்றி எங்கே படித்தாலும், பேச்சு கொலம்பஸின் எலும்புகளில்தான் போய் நிற்கிறது. எலும்புகளைவிட, அவை எவை என்ற குழப்பம் எப்படி வந்தது என்பதே எனக்குச் சுவையாக இருக்கிறது.

1521இல் இப்பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர் அலெசாண்ட்ரோ ஜெரால்தினி என்ற இத்தாலிய ஆயர். பவளச் சுண்ணாம்புக்கல்லால் எழுந்த இக்கோயிலின் உள்ளே கோதிக் விதானமும் முகப்பில் மறுமலர்ச்சிக்காலச் சிற்ப வேலைப்பாடும் அமைந்தன. 1541இல் நேர்ந்தளிக்கப்பட்ட இதனை, ஐந்தாண்டுகள் கழித்துத் திருத்தந்தை மூன்றாம் பவுல் பேராயத் தலைமைக் கோயிலாக உயர்த்தினார்.

அக்காலத்தில்தான் கொலம்பஸின் மருமகள் மரியா தெ தொலேதோ, மாமனாரின் எச்சங்களையும் கணவர் தியேகோவின் எச்சங்களையும் ஸ்பெயினிலிருந்து இங்கே கொண்டுவரச் செய்தார். 1586இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பிரான்சிஸ் டிரேக் நகரைப் பிடித்துப் பேராலயத்தையே தம் படையினரின் தங்குமிடமாக்கி, 25,000 டுகாட் பொற்காசுகள் பெற்ற பிறகே வெளியேறினார். அந்தச் சூடு ஆறவில்லை போலும். 1655இல் ஆங்கிலக் கப்பற்படை மீண்டும் வந்தபோது, கல்லறைகள் அவமதிக்கப்படாமலிருக்க அவற்றின் அடையாளங்களை மறைத்துவிடுமாறு பேராயர் ஆணையிட்டார். அம்முறை ஆங்கிலேயர் தோற்று ஜமைக்காவுக்குப் போனார்கள். மறைத்ததோ மறைத்ததுதான்.

1795இல் இந்நகர் இருக்கும் தீவின் ஸ்பானியப் பகுதி பிரான்சின் கைக்கு மாறியதும், ஸ்பானியர் பலிபீடத்தருகே தோண்டி எடுத்த எச்சங்களைக் கொலம்பஸுடையவை என்று கியூபாவின் ஹவானாவுக்குக் கொண்டுசென்றார்கள். அவை 1899இல் ஸ்பெயினின் செவில் நகரம் போய்ச் சேர்ந்தன. இடையில் 1877இல், பேராலயத்தில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்கள் கொலம்பஸின் பெயர் பொறித்த ஓர் ஈயப் பெட்டியைக் கண்டெடுக்க, ஸ்பானியர் எடுத்துப்போனது மகன் தியேகோவை என்று டொமினிக்கர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

செவில் எலும்புகள் கொலம்பஸின் தம்பியுடைய மரபணுவோடு பொருந்துவதாக 2006இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஆனால் அங்கிருப்பவை சில துண்டுகளே. மிச்சம் இங்கேயே தங்கியிருக்கவும் கூடும். ஆகவே இரு தரப்பும் உண்மை சொல்லலாம் என்பதே என் எண்ணம்.

ஈயப் பெட்டியும் இப்போது பேராலயத்தில் இல்லை. 1992இல் ஓசாமா ஆற்றின் மறுகரையில் எழுப்பிய பிரம்மாண்ட நினைவகத்துக்குப் போய்விட்டது. அடிக்கல் நாட்டி மூன்றே ஆண்டுகளில் இறந்துபோன ஜெரால்தினி மட்டும், உரிமை கோர ஆளின்றி, தம் கோயிலிலேயே இருக்கிறார்.