பிழை எண் 13: ஒரு செய்தி, மூன்று பூட்டு

தமிழ் விக்கிப்பீடியாவைப் பழைய லேப்டாப்பில் ஏற்றி, நெட் இல்லாமலே வீட்டில் படிக்கிற மாதிரி வைக்கலாம் என்று ஆரம்பித்த வேலை இது. விக்கிப்பீடியாவை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கி, அடியில் டேட்டாபேஸ் சர்வரான மரியாடிபி, எல்லாம் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் மேல். கட்டுரைகளை ஏற்றத் தொடங்கிய அன்று ராத்திரியே, டிஸ்கில் சிஸ்டத்துக்கு ஒதுக்கிய பகுதியான ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. ரூட்டுக்கு 20 ஜிபி போதும் என்று ஒதுக்கிய புத்திசாலி நான்தான். என் சொந்தக் கோப்புகளுக்கான ஹோம் பக்கம் 200 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது.

சரி, டேட்டாபேஸ் ஃபோல்டரை ஹோமுக்குக் கொண்டுபோய், பழைய இடத்தில் ஒரு சிம்லிங்க், அதாவது புது இடத்தைக் காட்டும் குறுக்குவழி, வைத்தால் ஆயிற்று. சர்வீஸை நிறுத்தினேன். நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ போட்டுக் காப்பி எடுத்தேன். டேட்டாபேஸ் இருந்த /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரைப் ‘பழசு’ என்று பெயர் மாற்றிவிட்டு, அந்த இடத்தில் லிங்கைப் போட்டேன். ஸ்டார்ட் கொடுத்தால் எழவே இல்லை. சிஸ்டம் பதிவான ஜர்னலில் ஒரே வரி: அந்த டைரக்டரிக்குள் போக முடியவில்லை, பிழை எண் 13, அனுமதி மறுப்பு.

காப்பி எடுத்ததில் தப்பு இருந்தது. காப்பி கமாண்டான ‘சிபி’க்கு, உரிமையாளரை அப்படியே வைக்கிற -ஏ கொடுக்காமல் -ஆர் கொடுத்திருந்தேன், அதனால் புதுக் கோப்புகள் எல்லாம் ரூட் என்ற நிர்வாகிப் பயனர் பெயருக்குப் போய்விட்டன. ‘சிஹெச்ஓன்’ -ஆர் போட்டு உரிமையை, மரியாடிபி எந்தப் பெயரில் ஓடுகிறதோ அந்த மைஎஸ்க்யூஎல் பயனருக்கு மாற்றினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது. ‘எல்எஸ்’ போட்டுப் பார்த்தால் உரிமையாளர் மைஎஸ்க்யூஎல், படிக்க, எழுத, நுழைய எல்லா அனுமதியும் எல்லாருக்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் அதே 13.

ஒரு மணி நேரம் போன பிறகுதான் உறைத்தது: நான் பார்த்துக்கொண்டிருந்தது லிங்கின் அனுமதியை. லினக்ஸில் சிம்லிங்க் எப்போதுமே முழுசாகத் திறந்த மாதிரிதான் காட்டும், அதை யாரும் மதிப்பதில்லை, கணக்கில் வருவது லிங்க் போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதிதான். ‘சிஹெச்ஓன்’ -ஆர் கூட லிங்கின் பெயரைக் கொடுத்தால் லிங்கை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும், உள்ளே இறங்காது. பெயரின் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்துக் கொடுத்தேன், இறங்கியது. ஒரு கோட்டுக்காக ஒரு மணி நேரம்.

மறுபடி ஸ்டார்ட். மறுபடி 13.

இந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. போடவில்லை. முன்பு ஒரு தடவை கான்ஃபிக் கோப்புக்கு அப்படிப் போட்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இருக்கிற கோப்பை நம்ப மாட்டேன் என்று சர்வர் அதை ஒதுக்கிவிட்டது. அந்தச் சூடு நினைவிருக்கிறது.

அப்புறம்தான் ‘நேம்ஐ’ -எல் என்ற கமாண்ட் கைக்கு வந்தது. பாதையைக் கொடுத்தால் உச்சி ஃபோல்டரிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும், லிங்க் எங்கே திரும்புகிறது என்பது உட்பட. இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை! அந்த வரிசையில் என் ஹோம் ஃபோல்டர், அனுமதி 750. உபுண்டு 21.04 முதல் ஹோம் அப்படித்தான் உருவாகிறது, மற்றவர்களுக்கு உள்ளே நுழையவே வழி இல்லை. கடைசி அறை திறந்திருந்து என்ன, தெருவாசல் பூட்டியிருக்கிறதே. மற்றவர்களுக்கு நுழையும் அனுமதி, அந்த ஒரு ‘எக்ஸ்’ மட்டும் சேர்த்தேன். மைஎஸ்க்யூஎல் பயனராக மாறி ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். கோப்புகள் வரிசையாக வந்தன. அப்பாடா.

ஸ்டார்ட். 13.

உண்மையிலேயே எழுந்து போய் டீ போட்டேன். அதே பயனர், அதே பாதை. டெர்மினலில் திறக்கிறது, சர்வீஸாக ஓடினால் திறக்கவில்லை. அப்படியானால் தடுப்பது கோப்பின் அனுமதி இல்லை, சர்வீஸை ஓட்டுகிறவர். சர்வீஸின் அமைப்பைக் காட்டும் ‘சிஸ்டம்சிடிஎல் கேட் மரியாடிபி’ போட்டதும் தெரிந்தது: ‘புரொடெக்ட்ஹோம்=ட்ரூ’. மரியாடிபி ஓடும்போது மொத்த ஹோமையும், சர்வீஸ்களை ஓட்டுகிற சிஸ்டம்டி அதன் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. உள்ளே நான் எந்த அனுமதியை மாற்றினாலும் அது எட்டாது.

அந்த வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, பாதுகாப்புக்காக வைத்ததை இடம் போதவில்லை என்பதற்காக அவிழ்ப்பதா? லிங்கை அழித்துவிட்டு அதே இடத்தில் வெறும் ஃபோல்டர் உருவாக்கி, ஹோமில் இருக்கிற டேட்டாவை அதன்மேல் பைண்ட் மவுண்ட் செய்தேன், அதாவது அதே ஃபோல்டர் இந்த இடத்திலும் நேரடியாகத் தெரிகிற மாதிரி இணைத்தேன். பூட் ஆகும்போது எதை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் ஒரே வரி. இப்போது மரியாடிபி ஹோம் வழியாகப் போகவே வேண்டியதில்லை, அதனால் ‘புரொடெக்ட்ஹோம்’ குறுக்கே வராது, வாசல் அனுமதியும் தேவையில்லை. திறந்துவைத்த ‘எக்ஸ்’ஐத் திரும்ப மூடினேன். ஸ்டார்ட் கொடுத்தேன், பச்சைப் புள்ளி வந்தது.

கட்டுரைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ரூட் இன்னும் 97 சதவீதத்தில்தான் நிற்கிறது, ‘பழசு’ அங்கேயே கிடக்கிறது. ஒரு ரீபூட்டில் மவுண்ட் தானாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அதில் கை வைப்பேன்.