ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரின் மேற்குப் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கல்லூரி வழிகாட்டியாக ஆறாண்டுகள் பணியாற்றினேன். மேசையும் நாற்காலியும் பள்ளியுடையவை. சம்பளம் கொடுத்தது ஒரு சமூக அமைப்பு. என் வேலையின் பலன் தெரிய வேண்டிய இடமோ கல்லூரி. இவற்றில் நான் யாருடைய ஆள் என்பது எனக்கே பல நாள் விளங்கவில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் இருந்ததில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் போலவே அங்கும் பெயர் சொல்லாமல் 'மிஸ்' என்றுதான் அழைப்பார்கள். அம்மாக்களுக்கு நான் 'மாஎஸ்த்ரா', ஸ்பானிய மொழியில் ஆசிரியை.

மெக்சிகோ வழிவந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் அந்தப் பகுதியில் படிப்புக்காகப் போராடிய நினைவு இன்னும் ஆறவில்லை. 1968 மே மாதத்தில் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தகுதியுள்ள ஆசிரியர்களும் ஒழுங்கான கட்டடமும் கேட்டு வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். அதைத் தொடர்ந்து தெமெத்ரியோ ரோத்ரிகெஸ் முதலான பெற்றோர் தொடுத்த வழக்கு, வீட்டு வரியை நம்பிப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கும் முறை ஏழைப் பகுதிகளை வஞ்சிக்கிறது என்ற வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. அதே ஆண்டு எட்ஜ்வுட் கல்வி மாவட்டத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய ஹோசே கார்தெனாஸ், இன்று இட்ரா என்று அறியப்படும் ஆய்வு அமைப்பைத் தொடங்கினார்.

அந்த அமைப்பு 1984-இல் தொடங்கிய திட்டம் ஒன்றை இன்றைக்கும் வியந்து நினைக்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று பள்ளி எதிர்பார்த்த மாணவர்களையே தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர அமர்த்தி, அதற்குக் கூலியும் கொடுத்தார்கள். எங்கள் பள்ளியிலும் அதைப் பின்பற்றிச் சிறிய அளவில் ஓர் ஏற்பாடு இருந்தது. மாமாவோடு கூரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். பாடம் சொல்லித்தரப் போன மூன்றாவது வாரம், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்டாள். வருகைப் பதிவேட்டை நீட்டி நாங்கள் எத்தனையோ முறை கேட்ட அதே கேள்விதான். அவளுக்கு மட்டும் அவன் பதில் சொன்னான். பிறகு வரவும் தொடங்கினான்.

பள்ளியை முடிப்பதில் நிலைமை உண்மையிலேயே மாறியிருக்கிறது. அமெரிக்கா முழுவதும் 16 முதல் 24 வயது வரையுள்ள லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்த, இளைஞர்களில் பள்ளியை முடிக்காமல் விட்டவர்கள் 2000-இல் ஏறத்தாழ 28 விழுக்காடு; 2022-இல் சுமார் 8 விழுக்காடு. நான் பார்த்த பெரிய ஓட்டை பள்ளிக்குள் இல்லை, பள்ளி முடிந்த பிறகு வரும் கோடையில் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் பட்டமளிப்பு முடிந்ததும் பள்ளியின் பொறுப்பு தீர்ந்துவிடும். ஆகஸ்டு கடைசியில் வகுப்பு தொடங்கும் வரை கல்லூரிக்குப் பொறுப்பு வருவதில்லை. இடம் கிடைத்து, உதவித்தொகையும் உறுதியான பிள்ளைகள் இந்த இடைவெளியில் கரைந்துபோனார்கள்.

என் முதல் ஆண்டில் அப்படிப் போனவள் ஒரு பெண். டெக்சாஸில் கல்லூரியில் புதிதாகச் சேரும் 22 வயதுக்குட்பட்டவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான சான்றை, வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே கொடுத்தாக வேண்டும். சான்று வராததால் பாடப் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டதாக அவளுக்கு மின்னஞ்சல் போயிருந்தது. கல்லூரி புதிதாகக் கொடுத்த, அவள் ஒருமுறைகூடத் திறக்காத முகவரிக்கு. செப்டம்பரில் மளிகைக் கடையொன்றின் கல்லாவில் அவளைப் பார்த்தேன். "எனக்கு இடம் இல்லைபோல, மிஸ்" என்றாள், நான் வாங்கிய வெங்காயத்தை எடை போட்டபடி.

அதன் பிறகுதான் கூட்டு முயற்சி என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் கிடைத்தது. அதுவரை அது பெரும்பாலும் காலைச் சிற்றுண்டியும் குழுப்படமும்தான். எல்லோரும் ஆதரவு தெரிவிப்பார்கள், நாள் குறிக்க மாட்டார்கள். நாங்கள் கேட்டது ஒரே ஒரு பட்டியல். மாணவரும் பெற்றோரும் எழுத்தில் ஒப்புதல் கொடுத்த பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இன்னும் முடியாத வேலை எது, அதை முடிக்க வேண்டியது யார். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, தேவாலயம், எங்கள் அமைப்பு ஆகிய எல்லோரும் அதே தாளைப் பார்க்க வேண்டும் என்றோம். அதற்குச் சம்மதம் வாங்கவே ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

2024 வசந்த காலத்தில் அந்தப் பட்டியலுக்குச் சோதனை வந்தது. வழக்கமாக அக்டோபரில் திறக்கும் ஃபாஃப்சா, அதாவது கல்வி உதவிக்கான கூட்டாட்சி அரசின் விண்ணப்பம், புதிய வடிவில் டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. அரசு தரும் அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரால் மாதக்கணக்கில் அதை இணையத்தில் முடிக்க முடியவில்லை. நூலகத்தில் மாலை நேர முகாம் நடத்தினோம். ஓர் அம்மா நீல நிற பிஸ்கட் தகர டப்பாவோடு வந்தார். உள்ளே வாடகை ரசீதுகள், மின்கட்டணச் சீட்டுகள், நான்கு பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், மடிப்பில் கிழிந்த தடுப்பூசி அட்டை. படிவம் அன்றும் அவரை ஏற்கவில்லை. ஆனால் அடுத்த மேசையில் இருந்த செவிலியர் அட்டையை வாங்கிப் பார்த்து, மகனுக்கு ஊசி ஒன்று பாக்கி என்று சொல்லி அங்கேயே போட்டுவிட்டார். அந்தப் பையனின் அப்பா நான்காவது முறை வந்தபோது படிவத்தில் கையொப்பம் ஏறியது. வேலை முடிந்து நேராக வந்ததால் கை கழுவ இடம் கேட்டு, கழுவிய பிறகே விசைப்பலகையைத் தொட்டார். இந்தக் குடும்பங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று கூட்டங்களில் யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை நினைவுக்கு வரும்.

பட்டியலில் நாங்கள் வேண்டுமென்றே வைக்காத கட்டம் ஒன்று உண்டு: குடியுரிமை. நாட்டில் தங்குவதற்கான சட்டப்படியான ஆவணமில்லாத மாணவர்களும் டெக்சாஸ்வாசிகளுக்கான குறைந்த கட்டணத்தில் படிக்க வழிசெய்த 2001-ஆம் ஆண்டுச் சட்டம், 2025 ஜூன் 4 அன்று, வழக்குத் தொடுக்கப்பட்ட அதே நாளில், நீதிமன்ற ஆணையால் செல்லாததாயிற்று. யாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதற்கு எங்களிடம் எந்தக் குறிப்பும் இல்லை. அதனால் மறுநாள் காலையிலிருந்து பட்டியலில் இருந்த எல்லோரையும், முதல் பெயரிலிருந்து வரிசையாக, கூப்பிடத் தொடங்கினோம்.